நீலக் குறிக்கு அந்தப் பக்கம்

யோசெப்பின் விசையை இழுத்த அதே கணத்தில், அவளுக்குப் பின்னால் குந்தியிருந்த நரேஷ் எழுந்து நின்றான். படம் எடுக்கத்தான் எழுந்தான். கையில் சின்ன டிஜிட்டல் கமரா. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு அப்பால் விலாவைக் காட்டிக்கொண்டு நின்ற எல்க் மான் அந்த அசைவைக் கண்டு திரும்பியது. நெஞ்சுக்குப் போகவேண்டிய சன்னம் வயிற்றில் இறங்கியது.

குதிரையைவிட உயரமான கடா அது. விரித்த கைகளைப்போல் கொம்பு. முதுகை வளைத்து ஒருமுறை துள்ளியது, பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்தது. பிறகு ஓடவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. யோசெப்பின் மறுபடி குறி பார்த்தாள். கடாவுக்கு நேர்பின்னால், மரங்களுக்கு நடுவே, ஆட்கள் நடக்கும் மண்பாதை வெளிறித் தெரிந்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள். பாதை இருக்கும் பக்கம் சுடக்கூடாது. அது முதல் விதி. கடா மெல்ல நடந்து தளிர்மரக் கூட்டத்துக்குள் மறைந்தது.

"பட்டுடுச்சா அக்கா?" என்று நரேஷ் காதுமூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

"பட்டது. பிழையான இடத்திலை பட்டது."

"நான் எழுந்ததுனாலயா?"

அவள் கடா மறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கமராவைச் சட்டைப் பைக்குள் வைத்தான், பிறகு ஏதோ நினைத்து வெளியே எடுத்து முதுகுப் பைக்குள் ஆழமாகப் போட்டான்.

யோசெப்பினுக்கு நாற்பத்துமூன்று வயது. குருநகரிலிருந்து இருபது வயதில் நோர்வேக்கு வந்தவள். ஸ்ட்ரோம்மனுக்கு அங்கால் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பெடுக்கும் பகுதியில் பதினைந்து வருடமாக வேலை. கூட வேலை செய்த நோர்வேக்காரர்கள் ஒவ்வொரு ஒக்ரோபரும் ஒரு கிழமை லீவு போட்டுக் காட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்து அதைப்பற்றியே கதைப்பார்கள். தலையும் தோலும் இல்லாமல் கொக்கியில் தொங்கி வரும் உடம்புகளை மட்டும் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒருநாள் ஒரு எண்ணம் வந்தது: சாகிறதைப் பார்க்காமல் வெட்டிக்கொண்டே இருக்கிறேனே. அந்தக் குளிர்காலமே வேட்டைப் பரீட்சை எழுதினாள், துவக்கு வாங்கினாள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த நாங்கள், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வாங்கிறம்" என்று புருஷன் கொன்ஸ்ரன்ரைன் சொன்னான். சொன்னானே தவிர, முதல் வருடம் அவள் கொண்டுவந்த இறைச்சியை மிளகு போட்டு வறுத்துத் தந்தபோது இரண்டாந்தரமும் கேட்டுச் சாப்பிட்டான்.

ஒஸ்லோவுக்குக் கிழக்கே நகராட்சியின் காடு அது. சொந்தக் காணி இல்லாதவர்கள் சீட்டு எடுத்து, பெயர் விழுந்தால் விருந்தாளி வேட்டைக்காரராகப் போகலாம். அன்று காலை வாகனத் தரிப்பிடத்தில் வேட்டைத் தலைவர் ஓட்வார் வழக்கம்போல் ஒரு அடிக்கட்டையில் ஏறி நின்று விதிகளைச் சொன்னார். செம்மஞ்சள் மேலாடை கழற்றக்கூடாது. பாதையில் நடக்கும்போது துவக்கு வெறுமையாக இருக்கவேண்டும். மரங்களில் நீலப் பூச்சுக் குறி இருக்கிற இடத்தில் நகராட்சிக் காணி முடிகிறது, அங்கால் தனியார் காடு. காயப்பட்ட மிருகம் அங்கால் போனால் குறியிலேயே நின்று தனக்கு அழைக்கவேண்டும். காணிக்காரரோடு தான்தான் பேசுவார். கூட்டிவந்த பார்வையாளர்கள் எந்தக் காரணத்துக்கும் துவக்கைத் தொடக்கூடாது. கடைசி விதியைச் சொல்லும்போது அவர் நரேஷைப் பார்த்துச் சிரித்தார்.

நரேஷ் திருச்சிக்காரன். பல்கலைக்கழகத்தில் கணினி ஆராய்ச்சி. ஹவுகெட்டோவில் யோசெப்பின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு வருடமாக வாடகைக்கு இருந்தான். அவள் அவனை 'நீர்' என்று கூப்பிடுவது ஆரம்பத்தில் அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. ராஜா நாடகத்தில் வர்ற மாதிரி இருக்குக்கா என்பான். ஆபீசில் எல்லோரும் எல்க் வேட்டையைப்பற்றிப் பேசுகிறார்கள், ஒருமுறை பார்க்கவேணும் என்று ஒரு மாதமாக நச்சரித்து இன்று கூடவே வந்திருந்தான்.

அவர்கள் உடனே பின்தொடரவில்லை. காயப்பட்டதை விரட்டினால் அது தூரம் ஓடும், விட்டால் கிட்டவே படுக்கும். யோசெப்பின் ஓட்வாரை அழைத்து நடந்ததைச் சொன்னாள். மோப்ப நாய் வேறு இடத்தில் நிற்கிறது, வரச் சுணங்கும், இரத்தத்தைப் பார்த்து மெல்லப் போ, நீலக் குறி வந்தால் நில் என்றார் அவர்.

இரத்தம் கறுப்பாக இருந்தது. அதோடு அரைத்த புல்லும் சேர்ந்து பாசியில் ஒட்டியிருந்தது. நரேஷ் அதைப் பார்த்துவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"குடல்லை பட்டிருக்குது. கெதியாச் சாகாது. பாவம், நோவோடை கிடக்கப்போகுது."

"எவ்வளவு நேரம்?"

"விட்டால் நாளைக்கும் உயிரோடை கிடக்கும்."

தளிர்மரங்களைத் தாண்டி ஒரு சரிவு, சரிவின் அடியில் ஒரு ஓடை. ஓடையின் மறுகரையில் நின்ற பிர்ச் மரத்தில் முழங்கையளவு அகலத்துக்கு நீலப் பூச்சு. இரத்தம் அதைத் தாண்டிப் போயிருந்தது.

யோசெப்பின் நின்றாள். துவக்கிலிருந்து ரவைகளைக் கழற்றி வலது சட்டைப் பைக்குள் போட்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீலக் குறிக்கு அங்கால், ஒரு பந்தெறி தூரத்தில், அடர்ந்த கிறிஸ்மஸ் மரங்களுக்குள்ளிருந்து வந்தது. உறிஞ்சுவதுபோல் ஒரு மூச்சு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு முனகல். மாடு கன்று போடும்போது போடுகிற சத்தத்தைப்போல.

ஓட்வாரை மறுபடி அழைத்தாள். காணிக்காரரின் போன் அடிக்கிறது, எடுக்கிறார்கள் இல்லை, நில் என்றார். அவர்கள் நின்றார்கள். முனகல் நிற்கவில்லை.

"அக்கா, இத்தனை கிட்ட கிடக்கு. போய் சுட்டுடலாமே. யார் பார்க்கப் போறா?"

"போகேலாது தம்பி. அது வேறையொராளின்ரை காணி."

"அது சாகுதுக்கா."

"எனக்குக் காது கேக்குது" என்றாள் அவள். குரல் கடுமையாக வந்துவிட்டது.

அப்போது அங்கால் பக்கமிருந்து ஒருவன் மரங்களை விலக்கிக்கொண்டு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம். வெட்டவேண்டிய மரங்களை அடையாளமிட வந்தவன்போல, கையில் நீளப்பிடிக் கோடரி. பெயர் ஆர்வே. அந்தக் காணிக்காரரின் மகன். இது அவளுக்குப் பிறகு தெரிந்தது. அப்போது அவள் கண்டது, அவன் முகம் ஏற்கனவே சிவந்திருந்ததைத்தான்.

"சுட்டது நீயா?" என்று நோர்வே மொழியில் கேட்டான்.

"ஓம். வயிற்றில் பட்டுவிட்டது. அந்த மரங்களுக்குள் கிடக்கிறது. ஓட்வார் காணிக்காரர் வீட்டுக்குப் போன் எடுத்துக்கொண்டிருக்கிறார்."

"வயிற்றிலா." அவன் அந்தச் சொல்லைத் துப்பினான். "சீட்டில் வருகிற டிக்கெட்காரர்கள். போன வருடமும் இதே கிழமை, இதே இடம். என்னுடைய நாயைச் சுட்டார்கள். செம்மஞ்சள் பட்டி கட்டின நாய். எல்க் என்று நினைத்தார்களாம். இந்த ஓடைக்குள் கிடந்து செத்தது. யார் சுட்டது என்று ஒருவன் வாய் திறக்கவில்லை."

"நான் போன வருடம் இந்தக் காட்டுக்கு வரவில்லை."

"எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்."

யோசெப்பின் துவக்கின் அறையைத் திறந்து காட்டினாள். "பார், வெறுமை. நீ கூட வா. உன் முன்னால் சுடுகிறேன். இறைச்சி முழுக்க உனக்கு. எனக்கு ஒரு துண்டும் வேண்டாம். கிடந்து துடிக்கிறதை மட்டும் முடிக்கவிடு."

"டிக்கெட்காரர் யாரும் இனி என் காணியில் வெடி வைக்கமாட்டார்கள். நான் வீட்டுக்குப் போய் என் துவக்கை எடுத்துக்கொண்டு வருவேன்."

"வீடு எவ்வளவு தூரம்?"

"நீ ஏன் கேட்கிறாய்? நீ சுட்டதுதானே. நின்று கேள்."

மரங்களுக்குள்ளிருந்து மறுபடி அந்த முனகல். இம்முறை முடிவில் அது உடைந்தது. யோசெப்பின் பிறகு பொலிசுக்குச் சொன்னபோதும் நீதிமன்றத்தில் சொன்னபோதும் இந்த இடத்தில் நிறுத்தி யோசித்தாள். ஏன் கால் வைத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வெறும் துவக்கோடு ஓடைக்குள் இறங்கி, நீலக் குறியைத் தாண்டி மேலே ஏறினாள்.

ஆர்வே துவக்குக் குழலைப் பிடித்தான். அவள் விடவில்லை. பதினைந்து வருடம் மாட்டுத் தொடைகளைப் புரட்டின கைகள் அவளுடையவை. அவன் எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை இழுத்தான், அவள் கூடவே வந்தாள். நரேஷ் ஓடையைத் தாண்டி ஓடிவந்து இருவருக்கும் நடுவே புகுந்தான். "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். ஆர்வே துவக்கை விட்டு அவன் வாயில் குத்தினான். நரேஷ் மல்லாக்க விழுந்தான். காதுமூடி தெறித்து ஓடைக்குள் போனது. எழும்பியபோது முன்பல் ஒன்று உதட்டில் குத்தி நின்றது.

யோசெப்பின் துவக்கைப் பின்னால் மறைத்தாள். ஆர்வே கோடரியைத் திருப்பிப் பிடித்தான். பிடியால்தான் அடித்தான். அதை அவள் எல்லா இடத்திலும் சொன்னாள், அலகால் அடிக்கவில்லை, பிடியால் அடித்தான் என்று. தோளில் விழுந்தது. உலர்ந்த கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. கொப்பை யார் மிதித்தது என்று நினைத்தாள். அதற்குள் வலது கை தானாகக் கீழே தொங்கியது. இரண்டாவது அடி முதுகில். முகங்குப்புற விழுந்தாள். வாய்க்குள் ஊசியிலையும் மண்ணும்.

மூன்றாவது அடி விழவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஆர்வே கோடரியை உயர்த்தியபடியே நின்றான். தான் செய்ததைப் பார்த்து அவனே பயந்ததுபோல் வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்தான்.

கடா மரங்களை உடைத்துக்கொண்டு வந்தது அப்போதுதான்.

சாகக் கிடந்த மிருகம் அப்படி எழும்பும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். கூச்சலும் அடியும் அதற்குக் கிட்டவே நடந்திருந்தன. போக்கிடம் இல்லாமல் அது சத்தம் வந்த பக்கம் பாய்ந்தது. வயிற்றிலிருந்து ஏதோ தொங்கி இழுபட்டது. தலையைத் தாழ்த்தி ஒரே ஓட்டம். ஆர்வே திரும்புவதற்குள் கொம்பு அவன் தொடையில் ஏறியது. அவனைத் தூக்கி ஒரு மரத்தின் அடியில் எறிந்தது. அவன் எழும்பப் பார்த்தான். கடா முன்னங்கால்களை உயர்த்தி அவன்மேல் இறக்கியது. மறுபடி உயர்த்தி இறக்கியது. ஒவ்வொரு முறையும் அவனிடமிருந்து காற்று வெளியேறும் சத்தம் கேட்டது.

யோசெப்பினுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. நல்லாய் வேணும் என்று மனம் சொன்னது. அந்தக் கணம் எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்லமுடியவில்லை. அது போனபிறகுதான் அவன் கத்துவது காதில் விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டான்.

"நரேஷ்," என்றாள். "துவக்கை எடும்."

நரேஷ் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தான். விரல்களுக்கிடையால் இரத்தம். "நான் தொடக்கூடாதுக்கா."

"எடும். என்ரை வலது பொக்கற்றிலை ரவை கிடக்குது. என்னாலை கை தூக்கேலாது."

அவன் தவழ்ந்து வந்தான். அவள் பைக்குள் கைவிட்டபோது முறிந்த தோள் அசைந்தது. அவள் போட்ட சத்தத்தில் அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"என்னைப் பாக்காதேயும். ரவையை எடும். அந்தக் கைபிடியை மேலை தூக்கிப் பின்னாலை இழும். ஓம். உள்ளுக்குள்ளை வையும். முனை முன்னுக்கு. இப்ப தள்ளி மடக்கும்."

"எனக்கு வரலக்கா."

"வரும். இன்னும் அமத்தித் தள்ளும்."

ரவை உள்ளே போனது. அவள் அவனை முன்னால் முழங்காலில் நிற்கச் சொன்னாள், முதுகு தனக்கு, முகம் மற்றப் பக்கம். குழலை அவன் வலது தோளில் வைத்தாள். பிடியை இடது தோளோடு அணைத்து இடது விரலை விசையில் போட்டாள். வாழ்க்கையில் இடது கையால் சுட்டதில்லை. குழல் அவன் மூச்சோடு ஏறி இறங்கியது.

"மூச்சை அடக்கும். காதைப் பொத்தும்."

"சுட்டுடுங்கக்கா, சீக்கிரம் சுடுங்க."

அவள் சுடவில்லை. கடாவின் நெஞ்சுக்கு நேர்கீழே ஆர்வேயின் தலை கிடந்தது. கடா கால்களை இறக்கிவிட்டுக் கொம்பால் அவனைப் புரட்டியது, அவன் செத்துவிட்டானா என்று பார்ப்பதுபோல. பிறகு மூச்செடுக்கத் தலையை நிமிர்த்தியது. அப்போது சுட்டாள்.

சன்னம் தோளெலும்பில் பட்டது. கடா ஆடியது, விழவில்லை. இவர்களைப் பார்த்துத் திரும்பியது. நரேஷ் வலது காதைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"திரும்பப் போடும்" என்று யோசெப்பின் கத்தினாள். அவனுக்குக் கேட்கவில்லை. முழங்காலால் அவன் முதுகில் இடித்தாள். அவன் கைகள் தாமாகவே கைபிடியைத் தூக்கின, இழுத்தன. வெற்றுக்கோது தெறித்து அவள் கன்னத்தைச் சுட்டது. அடுத்த ரவை நழுவிக் கீழே விழுந்தது. அவன் பாசிக்குள் தடவி எடுத்து ஊதி உள்ளே வைத்தான். கடா அடியெடுத்து வைத்தது. அதன் மூக்கிலிருந்து இரத்த நுரை வடிவது தெரியும் அளவுக்குக் கிட்ட வந்துவிட்டது. அவள் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே பார்த்து விசையை இழுத்தாள்.

முன்னங்கால்கள் மடிந்தன. முழு உடம்பும் ஒரு பக்கமாகச் சரிந்து நிலம் அதிர்ந்தது. கண் திறந்தபடியே இருந்தது. சற்று நேரம் பின்னங்கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது.

ஆர்வேயின் தொடையிலிருந்து இரத்தம் குதித்து வந்தது. நரேஷ் தன் பெல்ற்றைக் கழற்றி, யோசெப்பின் காட்டிய இடத்தில் தொடையின் மேற்பக்கம் கட்டி, ஒரு கொப்பை நடுவில் கொடுத்து முறுக்கினான். முறுக்கிக்கொண்டே அழுதான். யோசெப்பின் இடது கையால் போனை எடுத்து ஓட்வாரை அழைத்தாள். ஆர்வேக்கு நினைவு இருந்தது. அவன் விலா எலும்புகள் உள்ளே போயிருந்தன. மூச்சு விடும்போது அந்தக் கடாவைப்போலவே சத்தம் வந்தது. அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, நெற்றியில் ஒட்டியிருந்த ஊசியிலைகளை எடுத்துவிட்டாள். அடித்தவன் என்பது அவளுக்கு மறக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஹெலிகொப்ரர் வந்தது. மூவரையும் ஒஸ்லோவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில், பொலிஸ் வரமுன்னம் நரேஷ் அவள் கட்டிலருகே வந்தான். உதட்டில் தையல். வலது காதில் பஞ்சு. வேண்டியதைவிடச் சத்தமாகக் கதைத்தான்.

"அக்கா, ஒரு ஹெல்ப். நான் துப்பாக்கியைத் தொட்டேன்னு சொல்லாதீங்க. எனக்கு விசா புதுப்பிக்கணும். ஜனவரியில முடியுது. லைசென்ஸ் இல்லாம சுட்டேன்னு எழுதிட்டாங்கன்னா அனுப்பிடுவாங்க. அம்மாவுக்கு என்ன சொல்வேன்?"

"சுட்டது நான்."

"லோடு பண்ணது நான். எல்லாத்தையும் நீங்களே பண்ணதா சொல்லிடுங்க."

கொன்ஸ்ரன்ரைன் ஜன்னலருகே நின்றான். "அவன் கேக்கிறதிலை பிழையில்லை," என்றான். "பெடியனை ஏன் மாட்டிவிடுவான்? நீர் சொன்னால் நம்புவினம்."

யோசெப்பின் தன் தோளைப் பார்த்தாள். கழுத்திலிருந்து கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். "இந்தக் கையாலை நான் அந்தக் கைபிடியை இழுத்தனான் எண்டு ஆர் நம்புவினம்? ஒரு பொய் சொன்னால் மற்றதெல்லாம் பொய்யாப் போகும். அவன் அடிச்சதும் பொய்யாப் போகும்." பிறகு நரேஷிடம் சொன்னாள்: "உம்மாலைதான் அவன் உயிரோடை கிடக்கிறான். அதையும் சேத்துச் சொல்லுவன்."

"அதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்கக்கா" என்றான் நரேஷ்.

அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். நரேஷ் எழுந்ததால் குறி தவறியது என்பதை மட்டும் சொல்லவில்லை. சுடும்போது கடா திரும்பியது என்றாள். அதுவும் உண்மைதான்.

நரேஷ் அந்த மாத முடிவிலேயே வீட்டை விட்டு ஸ்டோவ்னரில் ஒரு அறைக்குப் போனான். சாமான் ஏற்றும்போது கொன்ஸ்ரன்ரைன் உதவினான். யோசெப்பின் மேல்ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொலிஸ் அவனை இரண்டுமுறை கூப்பிட்டு விசாரித்தது. உயிரைக் காக்கச் செய்தது என்று கடைசியில் அவன்மேல் எதுவும் போடவில்லை. விசாவும் புதுப்பித்துக் கிடைத்தது. அந்தச் செய்தி அவளுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. காது மட்டும் பழையபடி வரவில்லை.

அவளுக்குத்தான் தண்டனை வந்தது. நீலக் குறியைத் தாண்டியதற்கும், பார்வையாளரிடம் துவக்கைக் கொடுத்ததற்கும் நகராட்சிக் காட்டில் இரண்டு வருடம் வேட்டையாட முடியாது. ஓட்வார் தானே போன் பண்ணிச் சொன்னார். "உன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் தாண்டியிருப்பேன்," என்றார். "ஆனால் விதியைச் சொன்னவனும் நான்தானே." அவள் கோபப்படவில்லை. தோள் கூடுவதற்கு ஐந்து மாதம் எடுத்தது. எலும்பெடுக்கும் வேலைக்கு அந்தக் கை இனிச் சரிவராது என்று பொதி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அடித்ததற்காக ஆர்வேமேல் அடுத்த வசந்தத்தில் வழக்கு. ஆர்வே ஊன்றுகோலோடு வந்தான். மண்ணீரலை எடுத்திருந்தார்கள், இடது கால் மடங்கவில்லை. அவனுடைய வழக்கறிஞர், அவள் ஆயுதத்தோடு அத்துமீறி வந்தாள், அவன் பயந்துபோனான் என்று தொடங்கினார். ஆர்வே குறுக்கே பேசினான்.

"துவக்கு வெறுமை. திறந்து காட்டினாள். நான் பார்த்தேன்." நீதிபதி தொடரச் சொன்னார். "நாயை நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். அடிக்கும்போது அவள் யாரென்று நான் பார்க்கவில்லை."

வழக்கறிஞர் பேனாவை மேசையில் வைத்தார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. நிறுத்திவைத்த சிறைத்தண்டனை, அவளுக்கும் நரேஷுக்கும் நட்டஈடு. வெளியே நடைபாதையில் ஆர்வேயின் தாய் ஒரு மரவாங்கில் உட்கார்ந்திருந்தாள். யோசெப்பினைக் கண்டதும் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஆர்வே கிட்ட வந்தான்.

"தோள் எப்படி?"

"குளிருக்கு நோகிறது."

"எனக்கும் கால்." ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றினான். "ஏன் சுட்டாய்? நீ சும்மா கிடந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்."

அவளுக்கு அந்த ஒரு கணத்துச் சந்தோஷம் நினைவுக்கு வந்தது. சொன்னால் என்ன என்று தோன்றியது. "கிடக்கத்தான் நினைத்தேன்," என்றாள். "நீ அம்மாவைக் கூப்பிட்டாய்."

ஆர்வே தாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.  கை கொடுக்கவில்லை. தாயும் மகனும் மெல்லப் படியிறங்கிப் போனார்கள்.

நரேஷ் சாட்சி சொல்லிவிட்டு வாசலில் நின்றான். இவ்வளவு மாதத்தில் இன்றுதான் அவளைப் பார்க்கிறான். அவள் வரும்வரை நின்றான், பிறகு கூடவே நடந்தான். வலப்பக்கம் நடந்தவள் ஏதோ கேட்டாள். அவன் சுற்றி வந்து மறுபக்கம் மாறினான்.

"இந்தக் காதுல கேக்காதுக்கா. என்ன கேட்டீங்க?"

"சாப்பிட்டனீரோ எண்டு கேட்டன்."

"இல்ல."

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தார்கள்.  அவன் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான்.

"உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன்," என்றான் கடைசியில். "விசா வந்தப்புறமும் கோவம் போகல. என் பேர சொன்னதுக்குக் கோவம்னு நினைச்சேன். அது இல்லக்கா. நான் எழுந்து நின்னத நீங்க சொல்லல. இன்னிக்கும் சொல்லல. அதான் தாங்க முடியல."

"அதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

"எனக்கு ஆகும்."

யோசெப்பின் அவனைப் பார்த்தாள். மெலிந்திருந்தான். புதிதாகக் கட்டிய பல் மற்றப் பற்களைவிட வெள்ளையாக இருந்தது.

"சரி," என்றாள். "நீர் எழும்பினதாலைதான் வெடி பிழைச்சது. நான் உம்மைக் கூட்டிக்கொண்டு போனதும் பிழை. காணுமோ?"

போதும் என்று அவன் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சூப்பைக் குடிக்கத் தொடங்கினான்.

"சனிக்கிழமை வாரும்," என்றாள் யோசெப்பின். "இவர் நண்டு வாங்கிவாறன் எண்டவர்."

"வர்றேன்" என்றான். "ஒரு ஏழு மணி ஆகும் பரவால்லையா?"

"ஓம். பரவாயில்லை."